இல்லன்னா?

“இன்னொரு கேன் வை” என்றாள் ரமோனா, கண்ணைத் திறக்காமலே.

அன்செல்மோ தன் முதுகுப்பையைக் குளியலறை எடை மெஷின்மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முள் ஆடி ஆடி ஒரு வழியாக நின்றது. கட்டிலில் கிடந்த அக்காவுக்கு அந்த முள் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தண்ணீர் கேனைத் தரையில் வைக்கும் சத்தத்திலேயே அது நிறைந்ததா குறைந்ததா என்று சொல்லிவிடுவாள்.

“மூணு இருக்கு. போதும்.”

“நாலு.”

“தூக்கப் போறது நீயா, நானா?”

“நானா இருந்தா வாயை மூடிட்டுத் தூக்கியிருப்பேன்.”

“என் முட்டியக் கேட்டுட்டுச் சொல்லு.”

“உன் முட்டி நீ பொறந்ததுலேருந்து அழுதுக்கிட்டுதான் இருக்கு. நாக்கு வறண்டா தன்னால அடங்கிரும்.”

நான்காவது கேன் சுவரோரமாக அப்படியே நின்றது. அன்செல்மோ அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பையின் கயிற்றை முடிந்தார். வறுத்த மக்காச்சோள மாவு ஒரு பொட்டலம், காய்ந்த மாட்டிறைச்சி, படுக்கைச்சுருள், ஒரு தகரக் குவளை. வேறொன்றும் கிடையாது. மலைக்குத் தூக்கிப் போகிற மற்றதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளின் பயம் என்பது அவர் கட்சி.

அரிசோனாவின் அந்தத் தாமிர ஊரில் மழைக்காலம் முடிந்த கையோடு அக்காவும் தம்பியும் மலைக்குப் போவது வழக்கமாக இருந்தது. மூன்று பகல், இரண்டு இரவு. உருக்காலை மூடின வருடம் ஆரம்பித்தது. அதுவரைக்கும் மலை என்பது வேலைக்குப் போகிற வழியில் தெரிகிற ஒன்று. வேலை போன பிறகுதான் அதற்குள்ளே போக நேரம் கிடைத்தது. யோசனையெல்லாம் சுரங்கத்தில் லாரி ஓட்டிய ரமோனாவுடையது. சுமை அன்செல்மோவுடையது. அந்த ரெண்டு கிழடுகளுக்கும் வெயில் மண்டைக்குள் போய்விட்டது என்றார்கள் ஊரில். நான்கு வருடங்களுக்கு முன் ரமோனாவின் புருஷன் இறந்தான். அதே வருடம் அவளுக்கு இதயம் வீங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அன்செல்மோ தனியாகப் போகிறார். ஆனால் திட்டம் இந்தக் கட்டிலில்தான் போடப்படும்.

ரமோனாவின் மகள் பெலியா ஒரு கோப்பையில் கோழி சூப்போடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. லீவு போட்டுவிட்டு இரண்டு வாரமாக அம்மாவோடு இருக்கிறாள். எடை மெஷினையும் பையையும் பார்த்தாள். மாமாவைக் கூடத்துக்கு வரும்படி கண்ணைக் காட்டினாள். அவர் போகவில்லை. எனவே அங்கேயே தணிந்த குரலில் சொன்னாள்.

“அம்மா ஆசைக்குச் சரி சரின்னு சொல்றீங்கன்னு நெனச்சேன், மாமா. நெசமாவே மூட்ட கட்றீங்களே.”

“நெசமாத்தானே போறேன்.”

“எப்போ?”

“வெள்ளிக்கிழமை விடியக்காலம்” என்றாள் ரமோனா படுக்கையிலிருந்து. “மெதுவா பேசினா எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு உனக்கு. உடம்புல காது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அந்த நர்ஸ் பொண்ணு வாசல்ல நின்னு ‘இன்னிக்கோ நாளைக்கோ’ன்னு சொன்னதும் கேட்டுது.”

பெலியா கோப்பையை மேசையில் வைத்தாள். சூப் கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைப்பதில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“நர்ஸுக்கு என்ன தெரியும்?” என்றார் அன்செல்மோ.

அவருக்கு நர்ஸ்மேல் நம்பிக்கை இல்லை. டாக்டர்மேலும் இல்லை. ரேடியோவில் வானிலை சொல்கிறவன், கோயில் பணத்தை எண்ணுகிறவன், மிஷினில் வெட்டி வரும் ரொட்டி, எதன்மேலும் இல்லை. இந்த உலகத்தில் அவர் நம்பியது அக்காவையும் தன் காலணிகளையும்தான். அதிலும் வலது காலணியைப் பற்றி அண்மையில் சந்தேகம் வந்திருந்தது.

“அடுத்த வாரம் போறேன்” என்றார். “நீ இப்படிக் கிடக்கறப்போ போறதாவது.”

“அடுத்த வாரம் சுனை இருக்கும். தண்ணி இருக்காது. அடிக்கற வெயிலப் பாத்தியா? மழையும் லேட்டு, சொற்பம். தேதிய மாத்தாதே.”

“நீ செத்துட்டா?”

பெலியா “மாமா!” என்றாள்.

ரமோனா முதல்முறையாகக் கண்ணைத் திறந்தாள். கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. “செத்தா சாவுக்கு வேண்டிய ஆளுங்க வருவாங்க. நீ எதுக்கு? செல்மோ, அம்மாவ நெனச்சுப் பாரு. அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்து, ‘சித்த நேரம்’னு அந்த நாற்காலில உக்காந்தா. அப்புறம் அவளும் நாற்காலியும் ஒண்ணாயிட்டாங்க. நீயும் அந்த மாதிரி ஆளுதான். உக்காந்தா எந்திரிக்க மாட்டே. எனக்காகன்னு சொல்லி உக்காருவே. அந்தப் பழி எனக்கு வேணாம்.”

அன்செல்மோ முடிந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிந்தார்.

“சரி, சொல்லு” என்றாள் ரமோனா.

அந்த ஊரில் மலைக்குப் போகிறவன் யாரிடமாவது வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். காகிதத்தில் எழுதி வைப்பது கிடையாது. அவர்களுடைய அப்பாவின் சிநேகிதன் ஒருவன் போகும் வழியை எழுதி வண்டிக் கண்ணாடியில் செருகிவிட்டுப் போனான். காற்று அதைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டு போயிற்று. ஆளை அடுத்த கோடையில் மாடு தேடிப் போன ஒருவன் கண்டெடுத்தான், கண்டெடுக்க என்ன மிச்சமிருந்ததோ அதை. அன்று முதல் வாய்தான். போகிறவன் ஒவ்வொரு இடமாகச் சொல்வான். கேட்பவர் ஒவ்வொரு இடத்திலும் ஒரே வார்த்தையைக் கேட்பார்: “இல்லன்னா?” அதற்குப் பதில் இருக்க வேண்டும். கடைசியில் கேட்டவர் முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு இடம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. திருப்பிச் சொல்லி முடிக்காமல் யாரும் கிளம்புவதில்லை. கிளம்பியவர்களைப் பற்றிய கதைகள் ஒன்றும் நன்றாக முடியவில்லை.

“பழைய காத்தாடி பம்புகிட்ட வண்டிய விடறேன்” என்றார் அன்செல்மோ. “அங்கேருந்து ஓடை மணல்லயே நடந்து மேல.”

“ஓடை காஞ்சு இல்லன்னா?”

“இடது கரை மேட்டுல ஏறி நடப்பேன்.”

“ம்.”

“மொத ராத்திரி குதிரைத்தலைச் சுனை.”

“தண்ணி இல்லன்னா?”

“அதுல எப்பவும் இருக்கும்.”

“செல்மோ.”

“இல்லன்னா மறுநாள் திரும்பிருவேன்.”

“ம்.”

“ரெண்டாம் நாள் சேணக் கணவாய ஏறித் தாண்டி அந்தப் பக்கம். பாதிரிச் சுனை.”

“இல்லன்னா?”

அவர் சுவரோரம் நின்ற கேனைப் பார்த்தார். சண்டையே இங்கேதான். பாதிரிச் சுனை வறண்டிருந்தால், அங்கிருந்து திரும்பிவர மூன்று கேன் போதாது. நான்காவதைத் தூக்கிக்கொண்டு போய்க் குதிரைத்தலையில் ஒளித்து வைக்க வேண்டும். வைத்தால் முட்டி கெடும். மாட்டேன் என்றாலோ, தன்னால் மூன்றுதான் தூக்க முடியும் என்று அவளிடம் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“தெக்குப் பக்கம் மழ பேஞ்சுதுன்னு நீதானே சொன்னே?”

“இடி கேட்டுதுன்னு சொன்னேன். இடியக் குடிக்க முடியுமா?”

“பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம்னு சொன்னவன் எலும்பத்தான் பொறுக்கிட்டு வந்தாங்க.”

“சரி, மேல கேளு. மூணாம் நாள் மேற்குத் தண்டு முகட்டு வழியா இறங்கி, மறுபடி காத்தாடி. ஞாயித்துக்கிழமை சூரியன் உருக்காலைச் சிம்னிக்குப் பின்னால போறதுக்குள்ள.”

ரமோனா ஒரு பெருமூச்சு விட்டாள். அது பாதியில் நின்று மறுபடி வந்தது. தம்பியோடு மல்லுக்கட்ட அவளிடம் அவ்வளவுதான் மிச்சம். “காத்தாடி” என்று திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். “ஓடை. இல்லன்னா இடது கரை. குதிரைத்தலை. இல்லன்னா திரும்பல். அப்புறம் சேணம்...” நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. “மிச்சத்த சாயந்தரம் சொல்றேன். மூச்சு வரட்டும்.”

அன்செல்மோ வெளியே போய்த் தன் பழைய வண்டியின் மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தார். நேற்றும் பார்த்தார், எண்ணெய் அப்படியேதான் இருந்தது. மூடியைச் சாத்தித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பெலியா வாசலில் நின்றிருந்தாள். கையில் அந்த சூப் கோப்பை. ஆடைகட்டிப் போயிருந்தது.

“மாமா” என்றாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

அவர் உள்ளே போனார். ரமோனாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பெலியா முன்னால் வந்து தாடையைத் தாங்கி மூடப் போனாள்.

“விடு” என்றார் அவர்.

பெலியா கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டு நின்றார். ஆட்கள் வந்து வெள்ளைத் துணி போர்த்தி எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் நின்றுகொண்டேயிருந்தார்.

*

ரமோனாவின் மகன் ரூபென் அன்று மாலையே ஃபீனிக்ஸிலிருந்து வந்துவிட்டான். கறுப்புக் கோட்டு காருக்குள் மாட்டியபடியே இருந்தது. அழுதான், முகம் கழுவினான், பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து போன் பேச ஆரம்பித்தான். பக்கத்து வீடுகளிலிருந்து அவரைக்கொட்டைக் குழம்பும் சோள மாவில் அவித்த தமாலேயும் ஒரு பெரிய பானை நிறைய மாட்டுக்குடல் சூப்பும் வந்து இறங்கின. ஊருக்கே போதுமான சோறு. சாப்பிடத்தான் ஆளில்லை.

“வியாழக்கிழமை சாயந்தரம் கோயில் மண்டபத்துல ஜெபமாலை” என்றான் ரூபென் போனை வைத்துவிட்டு. “அடக்கம் சனிக்கிழமை. பாதிரியாருக்கு மூணு ஊர். அதுக்கு முன்னாடி முடியாதாம்.”

“வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள வச்சிருங்க” என்றார் அன்செல்மோ.

“மாமா, இது பஸ்ஸா நேரத்த மாத்தறதுக்கு?”

“அப்ப சனிக்கிழமை வையுங்க. நான் இருக்க மாட்டேன்.”

அடுப்பருகே நின்ற பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். “கூடப் பொறந்தவள மண்ணுல வைக்கறப்போ மலையேறப் போவாராம். ஊரு என்ன பேசும்?”

“ஊரு என்னிக்கு நல்லத பேசியிருக்கு? நீ கொண்டாந்த பானைய வச்சுட்டுக் கிளம்பு.”

அவள் பானையை வைத்துவிட்டுக் கிளம்பினாள். கதவு பெரிய சத்தத்தோடு சாத்திக்கொண்டது.

ரூபென் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். “அம்மா கூட நிக்க மாட்டீங்களா மாமா? கடைசியா ஒரு தடவ?”

“உசுரோட இருந்தப்போ நின்னேன். நீ எங்க நின்னே?”

சொன்ன பிறகு அது கொஞ்சம் அதிகம் என்று அவருக்கே தெரிந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. ரூபென் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தார். அவன் வரவில்லை.

“நிக்கல” என்றான். “அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு எழுபத்தாறு வயசு. தனியா போறீங்க. கீழ விழுந்தா யாரு தேடறது? அம்மாவ அடக்கம் பண்ணிட்டு அந்தக் கள்ளிக்காட்டுல இன்னொரு ஆளத் தேடி அலைய எனக்குத் தெம்பு இல்ல மாமா. ரெண்டு வாரம் கழிச்சு நானே லீவு போட்டுட்டு வர்றேன், ரெண்டு பேருமா போவோம்.”

“ரெண்டு வாரத்துல சுனையில பல்லிதான் இருக்கும்.”

ரூபென் எழுந்தான். சுவர் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கோபத்தில் எடுக்கவில்லை, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி கத்தியை எடுத்து வைப்பதுபோல் எடுத்தான். அதுதான் அன்செல்மோவுக்குத் தாங்கவில்லை.

“சாவியத்தானே எடுத்தே? கால எடுத்துட்டியா? காத்தாடி வரைக்கும் நடந்தே போவேன். ஒரு நாள் கூட ஆகும், அவ்வளவுதான்.”

“அந்த ஒரு நாளைக்குத் தண்ணி?” என்றாள் பெலியா. அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். திரும்பவில்லை.

கிழவர் அவள் முதுகை முறைத்தார். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று கேன்களும் அங்கே இருந்தன. நான்காவது அக்கா அறையில்.

*

வியாழக்கிழமை மாலை மண்டபம் நிரம்பியிருந்தது. ரமோனாவை நீலச் சட்டை போட்டுச் சவப்பெட்டியில் படுக்க வைத்திருந்தார்கள். வாய் மூடியிருந்தது. உதட்டில் அவள் ஜென்மத்திலும் பூசாத ஒரு சிவப்பு. சுரங்கத்துப் பழைய ஆட்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தார்கள். முன்வரிசையில் கிழவிகள் ஜெபமாலை உருட்டினார்கள். அன்செல்மோ கடைசியில் சுவரோடு நின்றார். அவருக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள், அவர் போகவில்லை. காலில் மலைக் காலணி.

ஜெபம் முடிந்தது. பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார் பாதிரியார். ஒருத்தி எழுந்து ரமோனா எவ்வளவு பொறுமைசாலி என்றாள். இன்னொருவன் எழுந்து, அவள் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்றான். அவனை அதே ரமோனா ஒருமுறை லாரியிலிருந்து இறங்கி வந்து கன்னத்தில் அறைந்திருக்கிறாள். ஏனென்று ஊருக்கே தெரியும். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒருவர் எழப்போகையில் அன்செல்மோ சுவரை விட்டு நடந்து வந்தார். காலணிச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. வழியில் தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

பெட்டியருகே வந்து நின்றார். ஜனங்கள் பக்கம் திரும்பவில்லை. பெட்டியைப் பார்த்தே பேசினார்.

“காத்தாடிகிட்டேருந்து ஓடையப் புடிச்சு மேல போறேன்.”

நிறுத்தினார். யாரோ இருமினார்கள்.

“காஞ்சு இல்லன்னா இடது கரை. மொத ராத்திரி குதிரைத்தலை.” மறுபடி நிறுத்தினார். “இல்லன்னா திரும்பிருவேன். ரெண்டாம் நாள் சேணத்தத் தாண்டி பாதிரிச் சுனை.”

இந்த நிறுத்தம் நீண்டது. என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போனார். “மூணாம் நாள் மேற்குத் தண்டு. ஞாயித்துக்கிழமை சூரியன் சிம்னிக்குப் பின்னால போறதுக்குள்ள காத்தாடி.” பெட்டியின் விளிம்பில் இரண்டு விரலால் தட்டினார், தூங்குகிறவளை எழுப்புவதுபோல. “மிச்சத்தத் திருப்பிச் சொல்லு. சாயந்தரம் சொல்றேன்னியே.”

ரூபென் எழுந்து வந்து முழங்கையைத் தொட்டான். “போதும் மாமா. வாங்க, உக்காருங்க.”

“உக்கார மாட்டேன்.”

“எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கத்தானே வந்திருக்காங்க. பாக்கட்டும்.”

அப்போது பெலியா எழுந்தாள். முன்வரிசையில் கிழவிகளுக்கு நடுவில் இருந்தாள். அவர்கள் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. குரல் வீங்கவில்லை.

“மாமா. அம்மா தேடிக்கிட்டு வர மாட்டாங்க.”

“தெரியும்.”

“ஞாயித்துக்கிழமை நீங்க வரலன்னா அம்மா யாருக்கும் போன் போட மாட்டாங்க.”

“தெரியும்னேனே.”

“அப்ப எங்கிட்ட சொல்லுங்க.”

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “உன்கிட்டயா? உனக்கு எல்லாத்துக்கும் ஆமாதான். நான் போறேன்னா ஆமா. உங்க அண்ணன் போகக்கூடாதுன்னா அதுக்கும் ஆமா. உன்ன நம்பி மலையேறணுமா?”

“சொல்லிப் பாருங்க.”

சுரங்கத்து ஆள் ஒருவன் பின்னாலிருந்து, “சொல்லித்தான் பாரேன்யா, என்ன கெட்டுப்போச்சு?” என்றான்.

அன்செல்மோ பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மறுபடி காற்றாடியிலிருந்து தொடங்கினார். பெலியா கேட்டாள், “இல்லன்னா?” அக்கா கேட்டால் கல் விட்டெறிந்ததுபோல் இருக்கும். இவள் கரண்டியால் பானையின் அடியைத் தட்டுவதுபோல் கேட்டாள், இன்னும் இருக்கிறதா என்று. ஓடையில் கேட்டாள். குதிரைத்தலையில் கேட்டாள். பாதிரிச் சுனை வந்தது.

“இல்லன்னா?”

“தெக்குப் பக்கம் மழ—”

“இல்லன்னா?”

“உங்கம்மா இடி கேட்டுதுன்னு—”

“இல்லன்னா, மாமா?”

பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனவர், பார்க்காமல் கையை இறக்கிக்கொண்டார். அன்செல்மோவின் தாடை அசைந்தது. அவர் எதையோ மென்று விழுங்கினார்.

“நாலாவது கேன குதிரைத்தலையில வச்சுட்டுப் போவேன்.”

“கேக்கல.”

“நாலாவது கேன குதிரைத்தலையில வச்சுட்டுப் போவேன்! செவிடா நீ?”

“சரி. அப்புறம்?”

அவர் மேற்குத் தண்டைச் சொன்னார், சிம்னியைச் சொன்னார். பெலியா கேட்டாள்: “ஞாயித்துக்கிழமை வரலன்னா?”

“ஆள் அனுப்பு.”

அந்த வார்த்தையை இதுவரைக்கும் அவர் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறார்.

பெலியா திருப்பிச் சொன்னாள். காற்றாடி, ஓடை, இல்லையென்றால் வலது கரை.

“இடது!” என்றார் அவர். “மொதல்லேருந்து.”

“இடது கரைடி” என்று முன்வரிசைக் கிழவி ஒருத்தி ஜெபமாலையை ஆட்டினாள். “உங்கம்மா கேட்டா அறைவா.”

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் நாலு பேர். பெலியா மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி காற்றாடியிலிருந்து தொடங்கினாள். இம்முறை தப்பவில்லை. கடைசியில் “வரலன்னா ஆள் அனுப்பணும்” என்று முடித்தபோது, அன்செல்மோ தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

ரூபென் தங்கையின் பக்கம் வந்தான். “நீயுமா? சாவிய நான் தர மாட்டேன், பெலியா.”

“நீயே வச்சுக்க” என்றாள் அவள். “என் வண்டியில கொண்டு போய் விடறேன். ஞாயித்துக்கிழமை நான்தான் போய்க் கூட்டிட்டும் வருவேன்.”

“அவரு விழுந்துட்டா?”

“அதுக்குத்தான் கேட்டு வச்சிருக்கேன். நீ கேட்டியா?”

*

வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் காற்றாடியருகே வண்டி நின்றது. பெலியா பையைப் பின்னாலிருந்து தூக்கிக்கொடுத்தாள். தூக்கியபோது அவள் முதுகு வளைந்தது.

“நாலா?”

“எண்ணிக்கோ.”

அவள் எண்ணினாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அவர் தூசி அடங்கும்வரை நிற்கவில்லை.

ஓடை பாதிக்குமேல் ஈரமாக இருந்ததால் இடது கரையில் ஏறித்தான் நடந்தார். குதிரைத்தலையில் தண்ணீர் இருந்தது, தேனீக்கள் மொய்க்க, பச்சையாக. துணியில் வடித்துக் குடித்தார். காலையில் நான்காவது கேனை ஒரு பாறைப் பொந்துக்குள் தள்ளி, முள்ளை வெட்டி அடைத்தார். முட்டி அதற்குள் அவரைப் பச்சையாகத் திட்டிக்கொண்டிருந்தது. அவரும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே சேணத்தை ஏறினார்.

சேணத்தில் காற்று ஓயாது. ஒரு பக்கம் இனிமேல் போக வேண்டிய பள்ளம், வெயிலில் வெளுத்து. மறுபக்கம் வெகு கீழே ஊர்: சிம்னி, கசடுக் குன்று, தகரக் கூரைகள். கோயிலிலிருந்து வண்டிகள் புறப்பட்டிருந்தன. சாவு வண்டிக்குப் பின்னால் வரிசையாக, பட்டப்பகலில் எல்லாம் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாக ஊர்ந்தன. இங்கிருந்து பார்க்க வண்டிகள் தெரியவில்லை; விளக்குகள்தான் தெரிந்தன. ஒரு திருப்பத்தில் மறைந்தன. கல்லறைச் சரிவில் மறுபடி வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

அன்செல்மோ பையை இறக்கவில்லை. தொப்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

விளக்குகள் அணைந்தன. முன்னால் ஒன்று, நடுவில் இரண்டு மூன்று, பிறகு வரிசை முழுக்க. ஒன்று மட்டும் அணையவில்லை. மலையைப் பார்த்து நின்ற வண்டி. அடக்கம் நடந்திருக்கும், மண் போட்டிருப்பார்கள், ஆட்கள் கலைந்திருப்பார்கள். அது எரிந்துகொண்டே இருந்தது.

“பேட்டரி இறங்கிரும்” என்றார் அவர் சத்தமாக. “முட்டாப் பொண்ணு.”

அது அணையவில்லை. அவர் இடுப்புப் பட்டையை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டு, பள்ளத்துப் பக்கம் காலை வைத்தார்.